ஃபாரத்துல இல்லாத கட்டம்

பெங்களூருல மூணு நாள் ஏசி ரூம்ல குந்தவெச்சு உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்திருப்பாங்க. சுவத்துல மாட்டுற அந்த வெள்ளை டப்பாவைக் காட்டி, இது தப்பே பண்ணாது, தப்பு பண்ணுறதெல்லாம் கிச்சன்ல இருக்கிற ஜனங்கதான்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. கடைசி நாள் பிரியாணி போட்டு, கழுத்துல அடையாள அட்டையை மாட்டி அனுப்பியிருப்பாங்க. சந்தோஷம். என்னையும் அப்படித்தான் அனுப்புனாங்க. பதினாறு வருஷம் அந்த அட்டையை மாட்டிக்கினு நானும் அதையே கேஜிஎஃப் பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். இப்ப ரிட்டையர்டு ஆயிட்டேன், கழுத்து லேசா இருக்குது, அதனால கொஞ்சம் உண்மை பேசலாம்னு பார்க்கிறேன்.

என் யோக்கியதையை முதல்ல சொல்லிடறேன். எங்க வீட்டுல மூணு தலைமுறையா மைன் வேலை. நானும் சின்ன வயசுல நந்திதுர்க் பக்கம் அண்டர்கிரவுண்டுல பம்ப் பார்த்தவன். கேஜ்ல, அதான் மைன் லிஃப்ட்டுல, ஏறி எத்தினியோ லெவல் கீழ இறங்கணும். அங்க இருக்கிற பம்பு ஒவ்வொண்ணும் ஒரு ரூம் அளவுக்கு இருக்கும், ராவு பகலா தண்ணியை மேல தள்ளிக்கினே இருக்கும். மைனை மூடினாங்க. அப்புறம் அங்க இங்க அலைஞ்சு கடைசியில எனக்குக் கிடைச்சது உள்ளங்கையில அடங்குற பம்பு. ஒரு நாளைக்கு அரை டம்ளர் மருந்து இறைக்கும். அதுவும் மேல இல்ல, சாக்கடைக்குள்ள. ப்ரமோஷன்னா இப்படி இருக்கணும்.

நம்ம டப்பா இன்னா பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா உங்க வீட்டுல யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கும் புரியணும், அதனால சொல்றேன். பூரி பொரிச்ச எண்ணெய், குருமா மேல மிதக்கிறது, சிக்கன் கழுவுன கொழுப்பு, எல்லாம் சுடுதண்ணியோட சிங்க்ல இறங்கும். இறங்குற வரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும். பைப்புல போயி ஆறினதும் மெழுகாட்டம் ஒட்டிக்கும். நாள் ஆக ஆக பைப்பு உள்ளுக்குள்ள சுருங்கி, கடைசியில ஒரு விரல் போற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். நம்ம டப்பா தினம் ஒரு தடவை, எல்லாரும் கழுவி முடிச்சு தண்ணி ஓட்டம் நின்னப்புறம், ட்யூப் வழியா அந்தப் பைப்புல மருந்து விடும். மருந்துன்னு சொல்றோமே தவிர அதுல இருக்கிறது உயிரு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பைப்பு சுவத்துல ஒட்டிக்கினு கொழுப்பைத் தின்னும். ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் ரெண்டும் பட்டா செத்துப்போவும். இவ்ளோதான் நம்ம விஞ்ஞானம். அரை நாள்ல சொல்லி முடிச்சிடலாம், மிச்ச ரெண்டரை நாள் பிரியாணிக்காக.

என்னை இந்த வேலையில சேர்த்துவிட்ட சீனியர் ஒருத்தர் இருந்தாரு. எந்த கிச்சனுக்குப் போனாலும் அவர் நேரா டப்பாகிட்ட போவமாட்டாரு. பாத்திரம் கழுவுற இடத்துல ஒரு முக்காலியைப் போட்டுக் குந்திப்பாரு. டீ வாங்கிப்பாரு. நேத்து இன்னா சமையல், யாரு லீவு, தண்ணி எப்ப வந்துச்சுன்னு அங்க இருக்கிறவங்ககிட்ட ஊர்க்கதை பேசுவாரு. அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்க்ரூ ட்ரைவர் பையை விட்டு வெளிய வரும். சரியான சோம்பேறி, கம்பெனி பெட்ரோல்ல வந்து டீ குடிக்கிறாருன்னு நான் மனசுக்குள்ள திட்டுவேன். ஒருநாள் வாயைவிட்டே கேட்டுட்டேன்.

"டப்பா எங்கயும் ஓடிப்போவாது, குந்துடா"ன்னாரு.

அவர் வேலையை விட்டுப் போனதும் நான் தனியா சுத்த ஆரம்பிச்சேன். அவர் ஒரு நாளைக்கு நாலு கிச்சன் பார்த்தா நான் ஒம்பது பார்த்தேன். டீயும் கிடையாது, கதையும் கிடையாது. மீட்டிங்ல என்னை எழுந்து நிக்கவெச்சு கை தட்டுனாங்க. நானும் வெக்கமே இல்லாம நின்னேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஊரிகத்துக்கு இந்தப் பக்கம் பொம்பளைப் பிள்ளைங்க தங்குற ஒரு காலேஜ் ஹாஸ்டல். பேரு வேணாம். அங்க மெஸ்ல ஒரு டப்பா மாட்டச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. நான்தான் போயி மாட்டினேன். அப்பதான் புது வண்டி எடுத்திருந்தேன், ஷோரூம் பூ இன்னும் வாடல. மெஸ்ஸுக்குப் பின்னால கொல்லையில நிறுத்திட்டு உள்ள போனேன். வேலை முடிச்சு வெளிய வந்தா, அங்க ஒரே சேறு. வாட்ச்மேன் நாராயணப்பா எதையோ கழுவி அந்த மண்ணுல தண்ணியைக் கொட்டியிருந்தாரு. வண்டி ஸ்டாண்டு புதைஞ்சு சாய்ஞ்சு கிடந்துச்சு, என் ஷூவும் போச்சு. நாராயணப்பாகிட்ட கொஞ்சம் சத்தம் போட்டேன். அப்புறம் வண்டியைத் தொடச்சிகினு வந்துட்டேன். அந்த சமாச்சாரத்தை அன்னைக்கே மறந்தும் போயிட்டேன். இப்ப நீங்களும் கொஞ்ச நேரம் மறந்துடுங்க.

ஒரு வருஷம் அந்த டப்பாவால ஒரு தொந்தரவும் இல்ல. அடுத்த வருஷம் மழை பிச்சிக்கினு பேஞ்சுது. எங்க ஊர்ல தண்ணிக்கஷ்டம் இன்னான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? குழாயில தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவை வந்தா அதுவே பெரிசு. அந்த வருஷம் பேத்தமங்களா ஏரி ரொம்பி, மூணு நாளைக்கு ஒருக்கா வந்துச்சு. கலங்கலாதான் வந்துச்சு, இருந்தாலும் தண்ணி தண்ணிதானே. ஊரே சந்தோஷமா இருந்துச்சு. நானும்தான்.

அந்த சந்தோஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, ஹாஸ்டல்ல பெத்தவங்க எல்லாம் வந்து பிள்ளைங்களோட சாப்பிடுற நாள். பூரி, குருமா, கேசரி. பிரின்சிபாலும் பந்தியில குந்தியிருக்காரு. பாத்திரம் கழுவுற இடத்துல தரையில ஒரு ஜாலி இருக்கும், கம்பி போட்ட சாக்கடை ஓட்டை. அது வழியா எல்லாம் மேல வந்துடுச்சு. பழுப்பா, கொழகொழன்னு, மேல எண்ணெய் மிதக்க, கதவைத் தாண்டி பந்திக்குள்ள பூந்துடுச்சு. பிரின்சிபால் செருப்பைத் தாண்டி பெத்தவங்க கால் வரைக்கும் போயிருக்கு. எனக்கு போன் வந்துச்சு.

நான் போறப்ப மெஸ் கான்ட்ராக்டர் பேன்ட்டை முழங்காலுக்கு மடிச்சு வுட்டுக்கினு நிக்கிறாரு.

"இன்னா சார் உங்க மெஷின் லட்சணம்? பிரின்சிபால் முன்னாடி என் மானமே கப்பலேறிப்போச்சு."

நேரா டப்பாகிட்ட போனேன். சீனியர் உக்கார்ற மாதிரி ஒரு முக்காலி அங்கயும் இருந்துச்சு, அதைக் காலால ஒதுக்கிட்டுத்தான் போனேன். டப்பாவுல பச்சை லைட் எரியுது. கவுன்ட்டர் தினம் ஒரு தடவை தவறாம மருந்து விட்டதைக் காட்டுது. ட்யூப் நல்லா இருக்குது. கேன்ல மருந்து இருக்குது. வெளிய போயி சாக்கடைத் தொட்டி, அந்த சேம்பர் மூடியைத் தூக்கினேன். பூச்சி வாழுற பைப்புல ஒரு புளிச்ச வாடை வரும். அங்க அது இல்ல, ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கைப் பிடுங்குது. உள்ள வந்து சிங்க்குக் கீழ குனிஞ்சு பார்த்தேன். பாதி காலியான ப்ளீச்சிங் பவுடர் பை ஒண்ணு சுருட்டி வெச்சிருந்துச்சு. பத்து நிமிஷம் கூட ஆவல, திருடனைப் பிடிச்சுட்டேன். எனக்கு என்னைப் பார்த்தே பெருமை.

"இது யாரோடது?"

பாத்திரம் கழுவுற இடத்துக்குப் பொறுப்பா ஒரு அம்மா இருந்தாங்க. அம்பது வயசு இருக்கும். ஒரு வருஷமா மாசாமாசம் அங்க போறேன், அவங்க பேரு எனக்குத் தெரியாது. எனக்கு அவங்க பாத்திரக்கார அம்மா, அவ்ளோதான். அவங்க கையில தொடப்பத்தோட, கணுக்கால் அளவு அழுக்குத்தண்ணியில நின்னுகினு இருந்தாங்க.

"அது சம்ப்புக்குங்க"ன்னாங்க. சம்ப்புன்னா கொல்லையில தரைக்கடியில இருக்கிற தண்ணித்தொட்டி. "சிங்க்ல நான் ஒரு சிட்டிகை கூட போட்டதில்ல. நீங்க வேணாம்னு சொன்னீங்க, நான் போடல. அந்த சம்ப்பைக் கழுவுறப்ப…"

"எல்லா கிச்சன்லயும் இதையேதாம்மா சொல்றாங்க"ன்னு நான் குறுக்க பூந்துட்டேன். அவங்க வாயை மூடிக்கினாங்க. அந்த வாக்கியத்தை மட்டும் நான் முடிக்க விட்டிருந்தா, இதை எழுத எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது.

பெங்களூருல இருந்து எங்க மேனேஜர் போன் பண்ணாரு.

"முனி, மெஷின் ஓடுதா?"

"ஓடுது சார்."

"கவுன்ட்டர்?"

"சரியா இருக்கு."

"அப்புறம் என்ன டவுட்? அவங்களுக்கு இன்னும் மூணு ஹாஸ்டல் இருக்கு, ஆர்டர் பேசிட்டு இருக்கோம். யூசர் மிஸ்டேக் போட்டு க்ளோஸ் பண்ணுங்க."

அப்ப ஃபாரம் எல்லாம் பேப்பர்தான். கோளாறுக்குக் காரணம்னு போட்டு நாலு கட்டம் இருக்கும். கரண்ட் கோளாறு. ட்யூப் தேய்மானம். மருந்து தீர்ந்தது. பயன்படுத்துபவர் தவறு. நல்லா கவனிங்க, உலகத்துல சாக்கடை அடைச்சுக்க நாலே காரணம்தான். நான் நாலாவதுல டிக் அடிச்சேன்.

கான்ட்ராக்டர் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக்கினு இருந்தாரு. "சும்மா பயன்படுத்துபவர்னா எப்படி சார்? நாளைக்கு பிரின்சிபால் என்னைப் பார்த்து, நீதானேய்யா பயன்படுத்துறேம்பாரு. ஆளு பேரு போடுங்க."

"அவங்க பேரு இன்னா?"

"சரோஜா. எம். சரோஜா."

எம். சரோஜா, பாத்திரப் பிரிவுன்னு எழுதினேன். என் கையெழுத்து அழகா இருக்கும், ஸ்கூல்ல ப்ரைஸ் வாங்கினவன். கீழ சைன் மட்டும் வேற மாதிரி. கோழி கிளறுன மாதிரி ஒரு கோடு, யாராலயும் படிக்க முடியாது. பல வருஷம் பழகி அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன்.

"புதன்கிழமை மூணு மணிக்கு காலேஜ்ல கமிட்டி. இதைக் குடுத்து, ஆளை மாத்திட்டேன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது"ன்னாரு கான்ட்ராக்டர். அவர் முகத்துல அப்பதான் ரத்தம் திரும்பி வந்துச்சு.

கம்பி விட்டு பைப்பைக் குத்தி அடைப்பை எடுத்துட்டு நான் கிளம்புறப்ப, கேட்டுகிட்ட அந்தம்மா நின்னாங்க. அழுதுகினு எல்லாம் இல்ல. கோவமாதான் இருந்தாங்க.

"சார், அந்தப் பேப்பரால எனக்கு வேலை போவும், தெரியுமா உங்களுக்கு?"

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணேன்.

"எங்க வீட்டுக்காரர் மைன்ல ட்ரில் பிடிச்சவரு. நெஞ்சு பூரா தூசி. எழுந்து போயி ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிக்க முடியாது அவரால. ரெண்டு மணிக்கு நான் நடந்து போயி சோறு போட்டு, மாத்திரை குடுத்துட்டு, நாலு மணிக்குத் திரும்பி வர்றேன். இந்த வேலை போனா எனக்கு பெங்களூரு ட்ரெயின்தான். காலையில இருட்டுல போயி இருட்டுல வரணும். ரெண்டு மணிக்கு அவருக்கு யாரு சோறு போடுவாங்க, நீங்க போடுவீங்களா?"

"நான் மெஷின் மட்டும்தாம்மா பாக்கிறேன்"னு சொல்லிட்டு வந்தேன். இதைச் சொன்னவன் நான்தான். வேற யாரோ சொன்னதா எழுதலாம்னு பார்த்தேன், மனசு வரல.

எங்க ஊர்ல நடந்து போற தூரத்துல ஒரு வேலைன்னா அது இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்க தெருவுல பாதி வீடு விடியறதுக்கு முன்னாடி பூட்டிக்கும். ஜனங்க எல்லாம் பெங்களூரு ட்ரெயின்ல தொங்கிக்கினு இருப்பாங்க. அந்தம்மாவுக்குச் சம்பளம் ஒண்ணும் பெரிசில்ல. மத்தியானம் அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் அந்த வேலையைப் பிடிச்சுக்கினு இருந்தாங்க. எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தெருவுல தண்ணி வரப்போவுதுன்னு சேதி. என் பொண்டாட்டி கமலா, புடவையைத் தூக்கிச் சொருவிக்கினு, பின்கட்டுல நாலு ட்ரம்மையும் கவுத்துப்போட்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிக்கினு இருந்தா. புதுத்தண்ணி பிடிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் இதான். எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வந்தா எட்டு நாளைக்கு ஒருக்கா தேய்ப்பாங்க. மூணு நாளைக்கு ஒருக்கா, அதுவும் கலங்கலா வந்தா, மூணு நாளைக்கு ஒருக்கா. கமலா தேய்ச்ச தண்ணியை வாளியில மொண்டு, சமையல்ரூம் ஓரத்துல இருக்கிற ஜாலியில ஊத்தினா.

நான் அப்படியே நின்னுட்டேன்.

"இதை எப்பவும் அங்கதான் ஊத்துவியா?"

"பின்ன, தலையில ஊத்திக்கவா?"

"எத்தினி நாளா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து. நீங்க எப்ப நம்ம வீட்டு சாக்கடையைப் பார்த்தீங்க? ஊர் சாக்கடையைப் பார்க்கவே உங்களுக்கு நேரம் பத்தல."

சோப்பு போட்டுக் கைகழுவினேன், டீ குடிச்சேன், டிவி போட்டேன். எதுவும் ஓடல. அது சம்ப்புக்குங்கன்னு அந்தம்மா சொன்னதே காதுல இருந்துச்சு. சம்ப்பைக் கழுவுற தண்ணி எங்க போவுது? பத்து வருஷமா சாக்கடை வேலை பார்க்கிறவன், தண்ணி எங்க போவுதுன்னு மட்டும் கேக்கல. சீனியர் டீ குடிச்சுக்கினு தினம், தண்ணி எப்ப வந்துச்சுன்னு ஆரம்பிச்சதே அந்தக் கேள்விக்குப் போயி சேரத்தான். சோம்பேறித்தனம்னு நான் நெனச்சது அதைத்தான்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஹாஸ்டல்ல நின்னேன். முந்தின நாள் அங்கயும் தண்ணி வரப்போற சேதி வந்திருக்கணும், நாராயணப்பா சம்ப்புக்குள்ள இறங்கித் தேய்ச்சுக்கினு இருந்தாரு. வெள்ளையா, வாடையா, கலங்கலா ரெண்டு வாளி நிறைய எடுத்துக்கினு மேல வந்தாரு. கொல்லை மண்ணுல கொட்டல. பின்கதவு வழியா உள்ள போயி, பாத்திரம் கழுவுற இடத்து ஜாலியில, நிதானமா, ஒரு சொட்டு சிந்தாம ஊத்தினாரு. நம்ம டப்பாவோட ட்யூப் போயி சேர்ற அதே பைப்பு.

பிடிச்சுட்டேன்னு நெனச்சேன். மறுபடியும் பெருமை. சில பேருக்கு ஒரு தடவை அடி வாங்கினா பத்தாது.

"இன்னா நாராயணப்பா, யாரு உன்னை இங்க ஊத்தச் சொன்னது?"

அவரு வாளியைக் கீழ வெச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "நீவே தானே சார் ஹேளித்து?"

நீங்கதானே சொன்னீங்கன்றாரு. எனக்குப் புரியாம இல்ல, காதுதான் வாங்கமாட்டேன்னுச்சு. அவரே கன்னடமும் தமிழுமா விளக்கிச் சொன்னாரு. அன்னைக்குப் புது பைக்கு, சேத்துல நின்னுச்சு, நீங்க கோவமா கத்தினீங்க, இனிமே வெளிய கொட்டினே, உன் வேலைக்கு உலை வெச்சுடுவேன், உள்ள ஜாலியில ஊத்துன்னு சொன்னீங்க. அதுல இருந்து இங்கதான் ஊத்துறேன். ஒருநாள் கூட மாத்தினது இல்ல. அவரு குரல்ல ஒரு திருப்தி வேற. நல்ல மாணவன் எப்படி நிப்பான், அப்படி நின்னாரு.

டப்பாவை மாட்டினவன் நான். அந்தப் பூச்சிங்களை உள்ள விட்டவன் நான். அதே நாள், அதே கையோட, அதுங்களுக்கு விஷம் வைக்க ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வந்தவனும் நான்தான். எதுக்கு? ஒரு ஸ்டாண்டு சேத்துல புதைஞ்சதுக்கு. தண்ணி எப்பவோ ஒருக்கா வந்த வரைக்கும் பூச்சி செத்துச் செத்துப் பிழைச்சிருக்கு. மழை பேஞ்சு, மூணு நாளைக்கு ஒரு தடவை வாளி வாளியா ஊத்தினதும் அதுங்களால முடியல. யாராலயும் முடியாது.

நான் உடனே நேர்மை வழியில நடந்தேன்னு நெனச்சிக்காதீங்க. வெளிய வந்து வண்டி மேல குந்தினேன். நாராயணப்பாகிட்ட மெதுவா, இனிமே மறுபடியும் மண்ணுலயே கொட்டுப்பான்னு சொல்லிட்டா போதும். பூச்சி பதினைஞ்சு நாள்ல தானா வளரும். பைப்பு சரியாயிடும். மெஷின் ஜெயிக்கும், கம்பெனி ஜெயிக்கும், மூணு ஹாஸ்டல் ஆர்டர் வரும். ஒரே ஒரு அம்மா ட்ரெயின் ஏறணும். அதுக்கு நான் சாவியைத் திருப்பினா போதும், வேற ஒண்ணும் பண்ண வேணாம். சாவியைத் திருப்பவும் செஞ்சேன். மணியைப் பார்த்தேன், ஒண்ணரை. உள்ள பாத்திரம் உருளுற சத்தம். அந்தம்மா அவசர அவசரமா கழுவிக்கினு இருந்தாங்க, ரெண்டு மணிக்குக் கிளம்பணுமே. வெக்கமா இருந்துச்சு. வண்டியை ஆஃப் பண்ணேன்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் ரூம்ல, கமிட்டிக்குப் போவ வெள்ளைச்சட்டை மாத்திக்கினு இருந்தாரு. என் ரிப்போர்ட்டு ஃபைல்ல மேலயே இருந்துச்சு.

"அதைக் குடுங்க சார், மாத்தணும்."

நடந்ததைச் சொன்னேன். பைக்கு, சேறு, எல்லாம். அவரு சிரிப்பாருன்னு பார்த்தேன், சிரிக்கல.

"இப்ப வந்து மாத்துறேன்றீங்களே. பேரு இல்லாம நான் கமிட்டிக்குள்ள போவ முடியாது. அவங்களுக்கு ஒரு பேரு வேணும். நாராயணப்பா பேரைப் போடறீங்களா?"

"என் பேரு."

அவரு ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "அதுக்கு இதுல கட்டம் இல்லியே சார்."

நிஜமாவே இல்ல. கரண்டு தப்பு பண்ணலாம், ட்யூப் தப்பு பண்ணலாம், பாத்திரம் கழுவுறவங்க தப்பு பண்ணலாம். நாம தப்பு பண்றதுக்கு ஃபாரத்துல இடமே விடல. அவரு டேபிள் மேல ஒரு ஸ்டீல் ஸ்கேல் கிடந்துச்சு. அதை வெச்சு, நாலாவது கட்டத்துக்குக் கீழ அஞ்சாவதா ஒரு கட்டம் போட்டேன். பக்கத்துல சர்வீஸ் டெக்னீஷியன் தவறுன்னு எழுதினேன். டிக் அடிச்சேன். மேல இருந்த சரோஜா பேரைக் கோடு போட்டு அடிச்சேன். கீழ வழக்கம்போல கோழியை விட்டுக் கிளறினேன்.

மேனேஜருக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"நம்ம ஃபார்மட்ல அப்படி ஒரு கட்டமே கிடையாதே, முனி."

"அதான் சார் வரைஞ்சுட்டேன்."

அப்புறம் நடந்தது நீங்க நெனக்கிறதுதான். ஆர்டர் போச்சு. எனக்கு மெமோ வந்துச்சு, ஃபாரத்துல அனுமதி இல்லாம மாற்றம் செய்ததற்காகன்னு. பூச்சியைக் கொன்னதுக்கு இல்ல, கட்டம் போட்டதுக்கு. மீட்டிங்ல அப்புறம் என்னை எழுந்து நிக்கச் சொல்லல. ஒரு நாளைக்கு அஞ்சு கிச்சனுக்கு மேல பார்க்க முடியல என்னால, எல்லா இடத்துலயும் முக்காலி தேடிக்கினு இருந்தேன். உங்களுக்கு இப்ப ஃபாரம் எல்லாம் போன்லயாம், அதுல ஸ்கேல் வெச்சு கட்டம் போட முடியாதாம். கடைசியில ரிமார்க்ஸ்னு துளியூண்டு இடம் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். உங்க பேரும் உங்க தப்பும் அதுல அடங்கும். நான் எண்ணிப் பார்த்துட்டேன்.

ஆனா அந்தப் புதன்கிழமை கான்ட்ராக்டர் ரூம்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு.

கான்ட்ராக்டர் சரோஜாம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாரு. உன் வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா, சார் தப்பை ஒத்துக்கினாருன்னு, ஏதோ அவரே பெரிய மனசு பண்ண மாதிரி சொன்னாரு. அந்தம்மா கையைப் புடவையில தொடச்சிக்கினு அந்தப் பேப்பரை வாங்கினாங்க. எனக்கு ஒரு நன்றி வரும்னு நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்கலன்னு சொன்னா பொய்.

அவங்க நிதானமா மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க.

"அன்னைக்கு நீங்க மெஷினை அத்தினி நேரம் பார்த்தீங்க. என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தா, நாராயணப்பா எங்க ஊத்துறாருன்னு நானே சொல்லியிருப்பேன்."

"தப்புதாம்மா."

அவங்க விரல் பேப்பர்ல கீழ இறங்குச்சு. "என் பேரை மட்டும் குண்டுகுண்டா, இனிஷியலோட, அடிச்ச பிறகும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. இது இன்னா, கோழி கிளறுன மாதிரி? இது யாரு?"

"அது நான்தாம்மா."

"அப்ப எழுதுங்க."

பேப்பரை டேபிள் மேல வெச்சு என் பக்கமா திருப்பினாங்க. கான்ட்ராக்டர் மணி ஆவுதுன்னு ஏதோ சொன்னாரு, அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நான் பேனாவை எடுத்து, கோ. முனிரத்தினம்னு, அவங்க பேரை எழுதின அதே கையெழுத்துல எழுதினேன். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கிற வரைக்கும் பார்த்துக்கினே நின்னாங்க.

ரெண்டு மணி ஆயிடுச்சு. அவங்க அடுப்படியில மூடி வெச்சிருந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கினு, கேட்டைத் தாண்டி, லைன் வீட்டுப் பக்கமா வேகமா நடந்தாங்க.